பூவுக்குக் கீழே யார் பெயர்?

மலர்க் கண்காட்சிக்குப் போனால் முதலில் பூவைப் பார்க்காதீர்கள். பூவுக்குக் கீழே இருக்கும் அட்டையைப் பாருங்கள். பூ இரண்டு நாளில் வாடிவிடும். அட்டையில் இருப்பதுதான் பதிவேட்டுக்குப் போகும், சான்றிதழுக்குப் போகும், மறுநாள் நாளிதழுக்குப் போகும். அதில் பூவின் பெயர் இருக்கும். பெரிய கண்காட்சியாக இருந்தால் இலத்தீன் பெயரும் இருக்கும். காட்சிக்கு வைத்தவரின் பெயர் இருக்கும். விதை ஊன்றியவள், சாணம் கரைத்து ஊற்றியவள், கத்திரி வெயிலில் குடம் தூக்கி அந்தச் செடியைப் பிழைக்க வைத்தவள் பெயர் இருக்குமா? பெரும்பாலும் இருக்காது என்பது என் முதல் குற்றச்சாட்டு. இருந்தாலும் அது அவள் பெயராக இருக்காது என்பது இரண்டாவது.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குச் சாட்சியாக ஒரு டாஃபடில் பூவை அழைக்கிறேன்.

டாஃபடில் நம் ஊரில் பூக்காது. வெங்காயம் போன்ற அதன் கிழங்குக்குப் பல வாரக் குளிர் வேண்டும். புதுச்சேரியின் மார்கழிப் பனி அதற்குக் காணாது. காஷ்மீரில் அதன் இனத்துப் பூ ஒன்று வசந்தம் பிறக்கும்போது மலர்கிறது. அங்கே அதை யெம்பர்சல் என்கிறார்கள். இங்கிலாந்திலோ டாஃபடிலைக் காட்சிக்கு வைப்பது பெரிய விவகாரம். அந்நாட்டின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் அந்தப் பூவை 13 பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு புதிய வகையை உருவாக்க வேண்டுமானால், ஒரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து இன்னொன்றில் தடவி, காய் முற்றும்வரை காத்திருந்து, விதையை ஊன்றி, அது முதல் பூ விடுவதற்கு நான்கைந்து வருடம் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பூ தேறவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து.

இப்படிப் பல வருடம் பொறுத்திருந்தவர் சாரா எலிசபெத். 1857இல் பிறந்தவர். ஹெரிஃபோர்டு நகருக்கு அருகே சட்டன் கோர்ட் என்ற வீட்டில் வாழ்ந்தார். டாஃபடிலின் நடுக்குழல் மஞ்சளாக இருக்கும், ஆரஞ்சாக இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். இளஞ்சிவப்பில் ஒன்று வேண்டும் என்பது வளர்ப்பவர்களின் கனவு. தந்த நிற இதழ்களுக்கு நடுவில் இளஞ்சிவப்புக் குழலோடு அப்படி ஒரு பூவை சாரா உருவாக்கினார். 1921இல் இறந்துபோனார். உலகமெங்கும் புகழ்பெற்ற அந்தப் பூவுக்கு அவர் நினைவாகவே பெயர் வைத்தார்கள். என்ன பெயர் தெரியுமா? 'மிசஸ் ஆர். ஓ. பேக்ஹவுஸ்'.

ஆர். ஓ. என்பது ராபர்ட் ஆர்ம்ஸ்டன். அவருடைய கணவர். அவரும் நல்ல மலர் வளர்ப்பாளர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மனைவியைப் போற்றுவதற்காகவே வைக்கப்பட்ட பெயரில் மனைவியின் பெயரில் ஓர் எழுத்துகூட இல்லை. சாராவும் இல்லை, எலிசபெத்தும் இல்லை. மீந்திருப்பது ஒரு 'மிசஸ்'. அவமதிக்க நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள். நம் கல்யாணப் பத்திரிகையில் 'திருமதி & திரு' என்று போட்டுக் கணவன் பெயரை மட்டும் அச்சடிப்பதும் அதே மரியாதைதான். இந்த மரியாதையைப் பற்றித்தான் பேச வந்தேன்.

சீமைக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் புல்வார் பக்கம் நடந்து பாருங்கள். துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி என்று எங்கே திரும்பினாலும் மஞ்சள் சுவர்மேல் காகிதப்பூ வழிகிறது. சுற்றுலா வருபவர்கள் அதன் கீழே நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர் பூகன்வில்லா. பூகன்வில் என்பவர் 1766இல் பிரான்சிலிருந்து உலகைச் சுற்றக் கிளம்பிய கப்பல்களின் தலைவர். அந்தப் பயணத்தின் தாவரவியல் அறிஞர் கொமெர்சோன். அவருக்கு உதவியாளராக, மார்பில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு ஆண் வேடத்தில் கப்பலேறியவர் ழான் பாரே என்ற பெண். பெண்களுக்குக் கப்பற்படைக் கப்பல்களில் இடம் கிடையாது என்பது அன்றைய சட்டம். கொமெர்சோன் கால் புண்ணால் அவதிப்பட்டவர். கரையில் இறங்கிச் செடி பறித்தது, அழுத்தி உலர்த்தியது, மூட்டை சுமந்தது எல்லாவற்றிலும் பாரேயின் பங்கு பெரிது. பிரேசில் கரையில் காகிதப்பூவை முதலில் பறித்த கையே அவருடையதாக இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறோம். கொமெர்சோன் பெயரில் எழுபதுக்கும் மேற்பட்ட தாவரங்கள் இருக்கின்றன. பாரேயின் பெயரை ஒரு செடிக்கு வைக்க கொமெர்சோன் நினைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பாரேயின் பெயர் ஒரு செடிக்கு நிலைத்தது 2012இல். கத்தரிக்காய்க் குடும்பத்துச் செடி ஒன்று அவர் பெயரைத் தாங்குகிறது. கிட்டத்தட்ட இரண்டரை நூற்றாண்டு காத்திருப்பு. ஆணுடை தரித்ததும் ஒரு குற்றமாகச் சேர்ந்து எரிக்கப்பட்ட இன்னொரு ழானுக்கு, ழான் தார்க்குக்கு, துய்மா வீதி மாதா கோயிலுக்கு எதிரில் சிலை இருக்கிறது. ழான் பாரேக்கு இந்த ஊர்ச் சுவரெல்லாம் பூ இருக்கிறது, பெயர்தான் இல்லை.

பெயர் தப்பிப் பிழைத்த பெண் இந்த ஊரில் இல்லையா? இருக்கிறாள். பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கிறதே, அந்த மண்டபம் அவள் பெயரில்தான் இருக்கிறது. புதுச்சேரி அரசின் முத்திரையிலும் அதுவே இருக்கிறது. ஆயி ஒரு தாசி என்றும், அவளுடைய மாளிகையைக் கோயில் என்று நினைத்து அரசன் வணங்கிவிட்டான் என்றும், உண்மை தெரிந்து அவன் இடிக்கச் சொன்னபோது அவளே இடித்து அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாள் என்றும் கதை சொல்கிறார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அந்தப் பக்கமிருந்து நகருக்குத் தண்ணீர் வந்தபோது அவள் நினைவாக மண்டபம் எழுந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒன்று தோன்றும். ஆயி ஒருவனின் மனைவியாக இருந்திருந்தால் அந்த மண்டபத்துக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். கணவன் பெயர் இல்லாததால் அவள் பெயர் தப்பியது. ஒரு பெண் தன் பெயரில் நினைக்கப்பட வேண்டுமானால் குடும்பத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனையா?

இனி முதல் குற்றச்சாட்டு. உழைத்தவள் பெயரே வராமல் போவது.

டாஃபடிலை நம் மாணவிகள் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் மனப்பாடமாகச் சொல்வார்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையைப் படிக்காமல் இங்கே ஆங்கிலப் பாடத்தைத் தாண்டியவர்கள் குறைவு. கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்டு 1990இல் வெளியிட்ட 'லூசி' நாவலில், பார்த்தேயிராத அந்தப் பூவைப் பற்றிச் சிறு வயதில் மனப்பாடம் செய்ய வைத்ததை எண்ணிக் கொதிக்கும் ஒரு பெண் வருகிறாள். அந்தக் கொதிப்பு நமக்கும் உரியது. அடுத்தவன் தோட்டத்துப் பூவுக்காக நம்மை உருக வைத்த கல்வி அது.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளும் ஆண் விமரிசகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பாடத்துக்குள் இன்னொரு களவு இருக்கிறது. கவிதைக்குள் கவிஞர் தனியாக அலைகிறார். நடந்தது அப்படியல்ல. 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் நடந்தவர்கள் இருவர்: வில்லியமும் அவர் தங்கை டாரதியும். அன்று பார்த்த பூக்களை, காற்றை, கரையோரக் கற்களை டாரதி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அண்ணன் கவிதை எழுதியது அதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. அது 1807இல் அச்சானது. அதில் இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை. அவைதாம் மிகச் சிறந்தவை என்று வில்லியமே சொல்லியிருக்கிறார். ஆக, கூட நடந்தவள் ஒருத்தி, வரி கொடுத்தவள் ஒருத்தி. அட்டையில் ஒரே பெயர். நம் வகுப்பறையில் அந்தப் பூவைக் காட்சிக்கு வைக்கும்போது அந்த அட்டையை அப்படியே வைக்கிறோம். தேர்வில் 'கவிஞர் யார்' என்று கேட்கிறோம். 'உடன் இருந்தவர் யார்' என்று கேட்பதில்லை.

டாஃபடிலை எடுத்துவிட்டுக் குறிஞ்சியை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு இதுதான் பதில். பூவை மாற்றலாம். அட்டை எழுதும் கை மாறாதவரை அதே கதைதான்.

என் அம்மா டேலியா வளர்ப்பார். நாங்கள் அப்போது இருந்த ஊரில் ஒரு சங்கம் வருடா வருடம் மலர்ப் போட்டி வைக்கும். விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர் பெயர்' என்று ஒரு கட்டம். அம்மாவின் டேலியா முதல் பரிசு வாங்கியது. சான்றிதழில் அப்பா பெயர். அப்பாவுக்கு டேலியா எது, செவ்வந்தி எது என்று தெரியாது. சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிய அந்தச் சான்றிதழை வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து வைத்தவரும் அம்மாதான். இது என் வீட்டுக் கதை மட்டுமில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் தையல் இயந்திரமோ, தறியோ, கடையோ, மாட்டுத் தொழுவமோ அந்த டேலியாவின் இடத்தில் இருக்கும்.

'பெயரில் என்ன இருக்கிறது, பூ அழகாக இருந்தால் போதாதா' என்பார்கள். பெயரில் ஒன்றும் இல்லை என்றால் அதை அவளுக்கு விட்டுக்கொடுப்பதில் என்ன கஷ்டம்? பெயரின் எடை என்ன என்று புதுச்சேரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1873இல் சப்பாத்து அணிந்து நீதிமன்றத்துக்குள் நுழைந்ததற்காக வாதாட அனுமதி மறுக்கப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, பிரான்சின் உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றார். 1881இல் வந்த ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வந்தவர்கள் புதிய குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அவர் லப்போர்த் ஆனார். சாதிப் பெயரை உதற ஒரு பெயர் உதவியது. குடியுரிமைக்கு, பென்ஷனுக்கு, பாரீசுக்குப் போகும் கப்பலுக்கு அந்தப் பெயர் உதவியது. ஆண் தேர்ந்தெடுத்த பெயர். மனைவி மக்களுக்கு அதுவே பெயர். பெயரை வைத்து இவ்வளவு சாதித்த ஊரில் நின்றுகொண்டு பெண்ணிடம் மட்டும் 'பெயரில் என்ன இருக்கிறது' என்று கேட்பது நியாயமா?

பெயர் என்பது கடன், பட்டா, மானியம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நிலத்தைத் தம் பொறுப்பில் நடத்துவோரில் பெண்கள் 14 விழுக்காட்டுக்கும் குறைவு. நாற்று நடுபவர்களும் களை பறிப்பவர்களும் யாரென்று பாகூர் வயல் பக்கம் பேருந்தில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்தாலே தெரியும். பட்டாவில் பெயர் இல்லாதவளுக்கு 'விவசாயி' என்ற சொல்லே கிடைப்பதில்லை. அவள் 'கூலியாள்', அல்லது 'வீட்டுக்கு ஒத்தாசை'. கண்காட்சி அட்டை அந்தப் பட்டாவின் சின்ன நகல்.

அடுத்து, காட்சிக்கு வைக்கும் முறையைப் பாருங்கள். போட்டி டாஃபடிலை மலரும் பருவத்தில் வெட்டி, இரவெல்லாம் குளிர்ந்த இருட்டில் நீரில் நிறுத்துவார்கள். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவார்கள். சுருங்கிய இதழை விரலால் நீவித் தட்டையாக்குவார்கள். தண்டின் மண்ணைத் துடைப்பார்கள். அமெரிக்க டாஃபடில் சங்கத்தின் மதிப்பெண் பட்டியலில் நலத்துக்கு 20, வடிவத்துக்கு 20, நிறத்துக்கு 15, நிற்கும் தோரணைக்கு 10, தண்டுக்கு 10 என்று நூறையும் பங்கு போட்டிருக்கிறார்கள். எங்கோ கேட்டது போல இருக்கிறதா? நிறம், உயரம், தோரணை என்று கூடத்தில் உட்கார்ந்து மதிப்பெண் போடும் பெண் பார்க்கும் படலம் நமக்குப் புதிதா என்ன. ஒரு வித்தியாசம் உண்டு. பெரும்பாலான டாஃபடில் வகைகள் நடுவரை நேருக்கு நேர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். தலை கவிழ்ந்தால் மதிப்பெண் குறையும். நம் வீட்டில் தலை கவிழ்ந்தால்தான் மதிப்பெண்.

நாம் நடத்தும் மலர்க் கண்காட்சிகளுக்குப் பூங்காவும் தேவையில்லை. வயதுக்கு வந்தால் 'பூப்பு' என்கிறோம். 13 வயதுப் பிள்ளையை மணப்பெண் போல ஜோடித்து, பூ ஜடை வைத்துத் தைத்து, ஜடை தெரியக் கண்ணாடி முன் நிறுத்திப் படம் எடுத்து, தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். அந்த ஃப்ளெக்ஸ்தான் அட்டை. தாத்தா பெயர், அப்பா பெயர், தாய்மாமன் பெயர், வாழ்த்தும் நண்பர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நான் பார்த்த சிலவற்றில் அந்தப் பிள்ளையின் பெயர்தான் எல்லாவற்றையும்விடச் சின்ன எழுத்து. அவளிடம் கேட்டீர்களா என்று கேட்டால், 'குழந்தைக்கு என்ன தெரியும்' என்கிறார்கள். குழந்தை என்றால் எதற்கு விழா? பிறகு கணவன் செத்தால் அதே தலையிலிருந்து அதே பூவைப் பிடுங்குகிறோம். பூ அவளுடையதே இல்லை, அவன் உயிரோடு இருக்கும்வரை இரவல் கொடுத்தது என்று அன்று தெரிகிறது.

தமிழில் இதற்கு மாற்று இல்லையா என்று தமிழாசிரியை என்ற முறையில் என்னைக் கேட்கலாம். குறிஞ்சிப்பாட்டு இருக்கிறது. அருவியாடிய பெண்கள் மலைச்சாரலெங்கும் அலைந்து பறித்துவந்த பூக்களைப் பாறைமேல் குவிக்கிறார்கள். 99 பூக்கள், ஒவ்வொன்றும் பெயரோடு. தமிழின் பழைய மலர்க் கண்காட்சி அதுதான் என்று வகுப்பில் சொல்வேன். அந்தப் பட்டியலைச் சொல்பவள் தோழி. தலைவியின் காதலைச் செவிலியிடம் எடுத்துச்சொல்லி அவளுக்காக வாதாடும்போதுதான் இத்தனை பூவும் வருகிறது. எழுதுகோல் கபிலருடையது, ஆனால் பூவறிவு பெண்ணின் அறிவு என்பதில் கபிலருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அங்கே பூ அலங்காரத்துக்கு வைக்கப்படவில்லை. ஒரு பெண் தானே துணை தேடிக்கொண்டதற்கு அது சாட்சியம்.

99 பூவுக்கும் பெயர் சொன்ன தோழிக்குப் பெயர் இல்லையே என்பீர்கள். உண்மை. ஆனால் அகத்திணை மரபில் தலைவனுக்கும் பெயர் கூடாது. அந்த விதி இரண்டு பேருக்கும் பொது. இன்றைய அட்டையில் ஆணுக்கு மட்டும் பெயர், பெண்ணுக்கு அகத்திணையா?

1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவில், வேளாண் துறை நடத்தும் மலர், காய், கனிக் கண்காட்சி பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். ஊரே திரண்டு போகிறோம். நல்ல விழா, அது தொடர வேண்டும். உதகையில் 1896 முதல் நடந்துவரும் கண்காட்சிக்கும், நம் ஊர்க் கண்காட்சிக்கும், நாளை பள்ளியிலோ கல்லூரியிலோ நீங்களே வைக்கப்போகும் சின்னக் கண்காட்சிக்கும் சேர்த்துத்தான் இந்த மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, அட்டையில் மூன்று வரி இருக்கட்டும்: பூவின் பெயர், வளர்த்தவர் பெயர், பராமரித்தவர் பெயர். பூங்காக்களில் காலை ஏழு மணிக்குக் குனிந்து களையெடுக்கும் பெண்களுக்கும் பெயர் உண்டு. அரசியல்வாதியின் பெயரை எழுத இடம் இருக்கிற வளைவில் அவர்கள் பெயருக்கும் இடம் இருக்கும்.

இரண்டு, விண்ணப்பத்தில் 'தந்தை / கணவர் பெயர்' என்ற கட்டம் வேண்டாம். செம்பருத்திக்குக் கணவர் இல்லை.

மூன்று, நடுவர் மேசையில் பெரிய மார்க்கெட்டின் பூக்கார அம்மாக்கள் இருவரையாவது உட்கார வையுங்கள். மொட்டைத் தொட்டுப் பார்த்தே மாலை எத்தனை மணிக்கு விரியும் என்று சொல்பவர்கள் அவர்கள். வாழைநாரில் கட்டி, தம் கையையே அளவுகோலாக்கி முழம் போடுகிறவர்கள். கைம்பெண் என்பதால் தாம் தொடுக்கும் பூவைத் தாம் சூட முடியாதவர்களும் அவர்களில் உண்டு. பூவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

இந்த மூன்றையும் யாரும் தானாகக் கொடுக்கப் போவதில்லை. ஆகவே வரும் பிப்ரவரியில் போகும்போது பையில் ஒரு பேனா வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த பூவுக்கு முன்னால் நின்று, 'இதை வளர்த்தது யாருங்க?' என்று சத்தமாகக் கேளுங்கள். சார் பெயரைச் சொல்வார்கள். 'தண்ணி ஊத்துனது யாரு?' என்று அடுத்ததைக் கேளுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள். வந்த பெயரை அந்த அட்டையிலேயே, கொட்டை எழுத்தில், எழுதிவிட்டு வாருங்கள்.